இருபதாவது கிலோமீட்டர்ல ஒரு பாஸ்போர்ட் போட்டோ

ஸ்டூடியோக்காரர்னு ஒருத்தர். தெருவுல அவருக்கு இன்னொரு பேரும் உண்டு, தாடைன்னு. காதுபட யாரும் கூப்பிட மாட்டாங்க. கடைக்குள்ள யாரு நுழைஞ்சாலும் உக்காருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே "தாடையக் கொஞ்சம் இறக்குங்க"ன்னு ஆரம்பிச்சுடுவாரு. போலீஸ்காரரா இருந்தாலும் அதேதான், பல்லு முளைக்காத குழந்தையா இருந்தாலும் அதேதான். முப்பது வருஷமா அதே ஸ்டூல், அதே நீலத் திரை, அதே கறுப்புக் கோட்டு. ஒல்லியா இருக்கிறவங்களுக்கு அந்தக் கோட்ட முதுகுப்பக்கம் இழுத்துப் பிடிச்சு ஊக்கு குத்துவாரு. ஊர்ல பாதிப்பேரு முதுகுல அந்த ஊக்கு ஒரு தடவையாவது இறங்கியிருக்கும்.

இத்தனை வருஷமா எல்லாரு மூஞ்சியையும் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி வெட்டி, மனுஷன்னா அவ்வளவுதான்னு ஆயிப்போச்சு நம்மாளுக்கு. பொண்டாட்டியையும் அந்த அளவுலதான் வச்சிருந்தாரு.

அந்தம்மாவுக்குத் தண்ணி ஆபீஸ்ல வேலை. வீடு வீடாப் போயி, வாசல்ல பதிச்சிருக்கிற இரும்பு மூடியத் தூக்கி, உள்ள டார்ச் அடிச்சு, மீட்டர்ல இருக்கிற நம்பரக் குறிச்சுக்கிட்டு வரணும். ஒரு நாளைக்கு நூத்தம்பது வீடு. எந்த வீட்டுல நாய் கடிக்கும், எந்த வீட்டுல மாமியார் கடிப்பாங்கன்னு மனப்பாடம். ஜனங்க மீட்டரம்மான்னு கூப்பிடுவாங்க. "என் பொண்டாட்டி ஓடக் கத்துக்கிட்டதே நாய்ங்ககிட்டதான்"னு நம்மாளு சொல்லிக்கிட்டு அலைவாரு. அது அவரோட ரெண்டாவது ஜோக்கு. வம்பெல்லாம் மொத ஜோக்கால வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல ஒரு அரை மாரத்தான் வச்சாங்க. இருபத்தோரு கிலோமீட்டர். மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சாத்தான் பட்டியல்ல பேரு வரும், கழுத்துல மெடல் விழும். முடியாதவங்கள அள்ளிக்கிட்டு வர்றதுக்குக் கடைசியில ஒரு வேன் வரும். மீட்டரம்மா ஆசைப்பட்டுப் போயி, பதினேழாவது கிலோமீட்டர்ல கால் நொண்டி, அந்த வேன்ல ஏத்தப்பட்டுத் திரும்பி வந்தாங்க. நம்மாளு அப்ப வீட்டுல போர்வைக்குள்ள இருந்தாரு. அந்தம்மா கட்டில் ஓரமா உக்காந்து அழுதுக்கிட்டே நடந்ததச் சொன்னாங்க. இவரு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லிட்டு, பல்லு வெளக்கிட்டு, கடைக்குப் போயி மொத கஸ்டமர்கிட்ட இப்படிச் சொன்னாரு: "எல்லாரு பொண்டாட்டியும் மெடலோட வந்தாங்க. என் பொண்டாட்டி டிரைவரோட வந்துட்டா!"

கஸ்டமர் சிரிச்சுத் தொலைச்சுட்டாரு. அந்த ஒரு சிரிப்புதான், நாலு வருஷம் அந்த ஜோக்கு நிக்கவே இல்ல. கல்யாண வீட்டுல சொன்னாரு, ஆஸ்பத்திரியில ஆளப் பாக்கப் போன இடத்துல சொன்னாரு. மச்சினன் வீட்டுக்குப் போனா சாப்பாடு போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாரு. மீட்டரம்மா மூடியத் தூக்கக் குனியுற வீடுகள்லகூட, "என்னம்மா, டிரைவர் நல்லா இருக்காரா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குறவங்களுக்கு அது ஒரு நாள் தமாஷ். குனிஞ்சிருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு நூத்தம்பது வாசல்.

அப்புறம் அந்த நோய் வந்துச்சு. ஊரே கதவச் சாத்திக்கிச்சு. ஓட்டம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, போட்டோவும் கிடையாது. மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியுற காலத்துல தாடைய யாரு இறக்குறது? நம்மாளு ரெண்டு வருஷம் சோபாவுல படுத்து, சோபாவுக்கே அவரு உருவத்துல ஒரு பள்ளம் விழுந்துச்சு. அந்தம்மா மட்டும் தினம் விடிகாலையில மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணித் தொட்டியச் சுத்திச் சுத்தி ஓடுனாங்க. மேல தொம் தொம்முன்னு சத்தம் கேக்கும். கீழ இருந்து இவரு கத்துவாரு.

"ஏய்! காரை உதிர்ந்து டீயில விழுது!"

"கப்ப நகத்தி வச்சுக்குங்க!"

"வீடு இடிஞ்சா என்ன பண்ணுவ?"

"சோபாவையும் நகத்தி வச்சுக்குங்க!"

இப்படியே ரெண்டு வருஷம். ஊரு திறந்துச்சு. ஒரு நாள் காலையில அந்தம்மா கையில நோட்டீசோட வந்து நின்னாங்க.

"மறுபடி நடத்துறாங்களாம்."

"என்னத்த?"

"ஓட்டத்த."

"அப்படியா? வேன் டிரைவர் ரிட்டையர் ஆயிட்டாரா, இன்னும் இருக்காரா?"

அந்தம்மா சிரிக்கல. "இந்தத் தடவ மூணு மணி நேரத்துக்குள்ள வந்துட்டேன்னா அந்தப் பேச்ச விட்டுடணும்."

"வந்துட்டா விட்டுடறேன்."

"எந்தக் கடையிலயும், யாருகிட்டயும்."

"விட்டுடறேங்கறேன்ல. வரணுமே நீ!"

அந்த ஜோக்குக்கு ஒரு சமாதி கட்டணும். மீட்டரம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மெடல்கூட அவங்களுக்கு ரெண்டாம்பட்சம்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் நம்மாளுக்கு என்ன தோணுச்சோ, "நானும் வர்றேன், உனக்குத் துணையா இருக்கேன்"ன்னாரு. பாசம்னு நெனச்சுடாதீங்க. பக்கத்துக் கடை சலூன்காரர் ஒரு வார்த்தை விட்டுட்டாரு. "அண்ணே, நாளைக்கு ஊரே ரோட்டுல நிக்குமே, நீங்க கேமராவோட நின்னா நாலு பேரு கண்ணுல படுமே"ன்னு. ரெண்டு வருஷம் படுத்த கடை, விளம்பரம் வேண்டாமா? பொண்டாட்டி நெஞ்சுல நம்பர் குத்திக்கிட்டு ஓடுற படத்தப் பெருசாப் போட்டுக் கடை முகப்புல மாட்டுறதா முடிவு பண்ணிட்டாரு. அத அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லல.

அந்தம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. "பதினாலாவது கிலோமீட்டர்ல நில்லுங்க. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணிய நான் ஓடிக்கிட்டே வாங்கிக்குவேன். நிக்கச் சொல்லாதீங்க. பேச்சுக் குடுக்காதீங்க. அதுக்கப்புறம் நேரா முடியுற இடத்துக்குப் போயிடுங்க."

"எனக்குச் சொல்லித் தர்றியா? எத்தனை ஓட்டப் பந்தயம் போட்டோ எடுத்திருக்கேன்!"

எடுத்தது உண்மைதான். பள்ளிக்கூடத்துல சாக்கு ஓட்டம். ரெண்டு தடவை.

காலையில ஆறு மணிக்கு ஓட்டம். மைதானத்துல ஆயிரம் பேரு. ரெண்டு வருஷம் அடைச்சு வச்சிருந்த ஜனம்ல, கண்டவங்களையெல்லாம் கட்டிப் பிடிக்குது. மாஸ்க்க ஒருத்தர் தாடையில மாட்டியிருக்காரு, இன்னொருத்தர் முழங்கையில மாட்டியிருக்காரு. எல்லாரு கையிலயும் கடிகாரம். மூச்சு விட்டா எவ்வளவு, விடாட்டி எவ்வளவுன்னு அது கணக்குச் சொல்லுமாம். நம்மாளு எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. "இதுங்களையெல்லாம் யாரு தொரத்துறா?"ன்னு பக்கத்துல நின்னவர்கிட்ட கேட்டாரு. பக்கத்துல நின்னவரும் நெஞ்சுல நம்பர் குத்தியிருந்தாரு. நகந்து போயிட்டாரு.

துப்பாக்கி வெடிச்சுது. அந்தம்மா கூட்டத்தோட கூட்டமாக் கெளம்பிட்டாங்க.

பதினாலாவது கிலோமீட்டர்ல நம்மாளு ஒழுங்காத்தான் நின்னாரு. பாட்டில நீட்டுனாரு, அந்தம்மா ஓடிக்கிட்டே வாங்குனாங்க. மூடி மட்டும் திறந்து வைக்கல. வீட்டுல இருந்து சிந்தாம வரணும்னு முறுக்கு முறுக்குன்னு முறுக்கி வச்சிருந்தாரு. அந்தம்மா பல்லால கடிச்சுத் திறந்தாங்க. அதுக்காகவும் நிக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. காலு தாளம் தப்பாம போயிக்கிட்டிருந்துச்சு, மொட்டை மாடியில ரெண்டு வருஷம் பழகின தாளம்.

"அட, தேறிட்டாளே"ன்னு நம்மாளுக்கே தோணுச்சு. தோணுனதோட விட்டிருக்கலாம். நேரா முடியுற இடத்துக்குப் போயிருந்தா இந்தக் கதையே கிடையாது. குறுக்குத் தெரு வழியாப் போறப்ப இருபதாவது கிலோமீட்டர் பலகைகிட்ட வந்தாரு. ஒரு பக்கம் நீளமா ஒரு வெள்ளைக் கிடங்குச் சுவரு. காலை வெயில் பக்கவாட்டுல வந்து ரோட்டுல விழுந்திருக்கு. முப்பது வருஷமா குழல் விளக்க மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வச்சும் அவருக்குக் கிடைக்காத வெளிச்சம். மனுஷன் சொக்கிப் போயிட்டாரு. முக்காலிய விரிச்சு ரோட்டு ஓரத்துல நட்டாரு. கேமராவ மாட்டுனாரு.

மணி எட்டு நாப்பத்தேழு. இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. பாக்கி தூரம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். அந்தம்மா ஓடுற ஓட்டத்துக்கு ஒன்பது நிமிஷம் போதும். வளைவுல திரும்பி வர்றாங்க. மூஞ்சியெல்லாம் செவந்து, வாய் திறந்து, நம்பர் காகிதம் ஒரு பக்கம் சாஞ்சு, வர்றாங்க.

நம்மாளு ரோட்டு நடுவுல போயி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாரு.

"நில்லு, நில்லு, ஒரே நிமிஷம்!"

"வழிய விடுங்க!"

"ஒண்ணே ஒண்ணு! இந்த வெளிச்சம் போனா வராது!"

அந்தம்மா எடப்பக்கம் ஒதுங்குனாங்க, இவரும் எடப்பக்கம் ஒதுங்குனாரு. வலப்பக்கம் போனாங்க, இவரும் போனாரு. ரெண்டு தோளையும் பிடிச்சுட்டாரு. இருபத்திரண்டு வருஷமா இவரு நில்லுன்னா நின்னு பழகின காலு, பாவம், அதுவாவே நின்னுடுச்சு.

நின்னவங்கள வெள்ளைச் சுவத்துப் பக்கம் திருப்பி நிக்க வச்சாரு. சாஞ்ச நம்பர நேராக்குனாரு. தோள்ல கிடந்த துண்டால மூஞ்சியத் துடைச்சாரு. "மூக்குல எண்ணெய் வழியுது பாரு, மினுக்கும்." அப்புறம் ஓடிப் போயி கேமராவுக்குப் பின்னாடி குனிஞ்சாரு. அப்புறம் என்ன சொல்லியிருப்பாரு? அதேதான்.

"தாடையக் கொஞ்சம் இறக்கு."

மொதப் படத்துல அந்தம்மா கண்ண மூடிட்டாங்க. ரெண்டாவது படத்துல நடுவுல ஒருத்தர் ஓடிட்டாரு. "யோவ், பாத்துப் போய்யா!"ன்னு நம்மாளு அவரத் திட்டுனாரு. ரோட்ட மறிச்சு முக்காலி போட்டவரு, ஓடுறதுக்குன்னு வந்தவரத் திட்டுனாரு. மூணாவது படம் எடுக்குறப்ப பின்னாடி இருந்து ஆரன் சத்தம். வேன்.

டிரைவர் தலைய வெளிய நீட்டுனாரு. "யோவ்! உனக்கு அறிவிருக்கா? அந்தம்மாவ ஏன்யா நிறுத்தி வச்சிருக்க?"

"என் பொண்டாட்டிய நான் நிறுத்துறேன், உனக்கென்ன?"

"மூணு மணி நேரமா ஓடி வர்ற காலுய்யா அது! நின்னா அவ்வளவுதான்!"

அவரு சொல்லி வாய மூடல, அந்தம்மா ஒரு அடி எடுத்து வச்சாங்க, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சுக்கிச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டாங்க. நம்மாளு மூணாவது படம் நல்லா வந்திருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தாரு.

வேணும்னே செஞ்சாருன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த ஜோக்கு செத்துப்போயிடுமேங்கற பயத்துல நிறுத்திட்டாராம். அப்படியெல்லாம் அவருக்குப் பெருமை சேக்கக் கூடாது. திட்டம் போட்டுக் கெடுக்கறதுக்கும் கொஞ்சம் மூளை வேணுமே.

டிரைவர் எறங்கி வந்து, "ஏறச் சொல்ல மாட்டேம்மா. காலத் தரையில அழுத்தி வச்சு நடங்க. நான் மெதுவா பின்னாடியே வர்றேன், யாரும் உங்கள முந்தி வேன் போச்சுன்னு சொல்லக் கூடாது"ன்னாரு. அந்தம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தாங்க. நடை கொஞ்சம் ஓட்டமாச்சு. வேன் ஆமை மாதிரி பின்னாடியே ஊந்துச்சு. அதுக்கும் பின்னாடி முக்காலியத் தோள்ல சாத்திக்கிட்டு நம்மாளு, "விடாத! விடாத! நான் இருக்கேன்!"னு கத்திக்கிட்டே ஓடுனாரு. அன்னைக்கு அவரு ஊக்கம் குடுத்தது அந்த ஒரு கிலோமீட்டர்தான், பிசாசு ஓட்டறவன் மாதிரி.

முடியுற இடத்துல தலைக்கு மேல பெரிய கடிகாரம். அந்தம்மா அதுக்குக் கீழ காலத் தூக்கி வைக்கிறப்ப மூணு மணி நேரமும் பதினோரு செகண்டும்.

பட்டியல வச்சுக்கிட்டிருந்த பொண்ணு எழுந்து நின்னுடுச்சு. "ஐயோ ஆன்ட்டி, பதினோரு செகண்டு. மன்னிச்சுக்குங்க, சேக்க முடியாது."

மீட்டரம்மா தரையில உக்காந்து கெண்டைக்காலப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்மாளு விடுவாரா?

"என்னம்மா இது அநியாயம்! பதினோரு செகண்டெல்லாம் ஒரு கணக்கா? எட்டு நாப்பத்தெட்டுக்கே இருபதாவது கிலோமீட்டர்ல இருந்தா! என்கிட்ட ஆதாரம் இருக்கு!"

கேமராவத் திருப்பி அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. படத்து மூலையில நேரம் விழுந்திருந்துச்சு. மொதப் படம் எட்டு நாப்பத்தெட்டு, அஞ்சு செகண்டு. ரெண்டாவது எட்டு நாப்பத்தெட்டு, முப்பது செகண்டு. மூணாவது எட்டு நாப்பத்தொன்பது, ரெண்டு செகண்டு.

அந்தப் பொண்ணு மூணையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. "அங்கிள், மூணு படத்துலயும் ஒரே சுவருதானே?"

"ஆமா. நல்ல வெளிச்சம்."

"அப்ப இந்த ஒரு நிமிஷம் ஆன்ட்டி அங்கயேவா நின்னாங்க? ஏன் நின்னாங்க?"

சுத்தி ஒரு இருபது பேரு. எல்லாரும் நம்மாளையே பாத்தாங்க. ஆயிரம் மூஞ்சிய இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்கன்னு சொன்ன மனுஷனுக்கு, தன் மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. திருடன் தானே கைரேகைய எடுத்துக்கிட்டுப் போயி ஸ்டேஷன்ல குடுத்த மாதிரி ஆயிப்போச்சு.

"படம் நல்லா வந்திருக்கு"ன்னு மெதுவாச் சொன்னாரு.

அதுக்கப்புறம் மூணு நாளு வீட்டுல சாப்பாடு மேசைக்கு வரும், ஆளு வராது. நம்மாளு கடைக்கு வந்து, பழக்கதோஷத்துல சலூன்காரர்கிட்ட பழைய ஜோக்க எடுத்தாரு. பந்தயத்துல அந்தம்மா தோத்தாச்சு, இனி ஜோக்கு தன் சொத்துதான்னு நெனப்பு.

"இந்தத் தடவையும் என் பொண்டாட்டி டிரைவரோட..."

சலூன்காரர் கத்தரிக்கோல நிறுத்துனாரு. "இருங்கண்ணே. இந்தத் தடவ அண்ணி வேன்ல ஏறலயே?"

"ஏறல. நடந்து வந்தா."

"டிரைவர்?"

"பின்னாடி வந்தான்."

"நல்ல மனுஷன். நீங்க எங்க இருந்தீங்க?"

நாற்காலியில சோப்பு நுரையோட உக்காந்திருந்தவரு சிரிச்சு, நுரை மூக்குக்குள்ள போயிடுச்சு. எங்க இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எப்படித் தெரியாம போகும்? ஒரு நாளைக்கு நூத்தம்பது வாசல். அந்தம்மா மூடியத் தூக்குறப்ப யாராவது, "டிரைவர் நல்லா இருக்காரா?"ன்னு கேட்டா, "அவரு நல்லா இருக்காரு. இருபதாவது கிலோமீட்டர்ல நடந்ததக் கேக்குறீங்களா?"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணையும் கூட்டல, குறைக்கல. கூட்ட வேண்டிய அவசியமே அதுல இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு வேற ஊர்ல ஒரு ஓட்டம். அந்தம்மா சாப்பாட்டு மேசையில உக்காந்து விண்ணப்பத்த எழுதிக்கிட்டிருந்தாங்க. நம்மாளு தோளுக்கு மேல எட்டிப் பாத்தாரு. அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கற இடத்துல தண்ணி ஆபீஸ் மேஸ்திரி நம்பர் இருந்துச்சு.

"என் நம்பர எழுதலயா?"

"அவசரத்துக்கு உதவுற ஆளக் கேட்டிருக்காங்க."

"நான் வர வேண்டாமா?"

"நீங்க கடையப் பாருங்க."

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ரெண்டு பொம்பளைங்களோட பஸ் ஏறிப் போனாங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு போன் வந்துச்சு. "ரெண்டு மணி அம்பத்திரண்டு நிமிஷம். பட்டியல்ல பேரு வந்துடுச்சு. இனி அந்தப் பேச்சு வாயில வரக் கூடாது." அவ்வளவுதான், வச்சுட்டாங்க.

மறுநாள் காலையில கடைக்கு ஒரு வயசான அம்மா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தாங்க. ஸ்டூல்ல உக்கார வச்சு, முதுகுல ஊக்கு குத்திக்கிட்டே நம்மாளு ஆரம்பிச்சாரு. "கேள்விப்பட்டீங்களா? என் பொண்டாட்டி அரை மாரத்தான் ஓடிட்டா. எல்லாம் நம்ம ட்ரெய்னிங்தான்."

"அப்படியா? எங்க வீட்டு மீட்டர் அவங்கதான் பாக்குறாங்க. கெளம்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாங்களே."

"என்ன சொன்னா?"

"இந்தத் தடவ கண்டிப்பா முடிச்சுடுவேன்னாங்க. எப்படிம்மா இவ்வளவு தைரியமாச் சொல்றீங்கன்னு கேட்டேன். அவரு வரலேன்னாங்க."

நம்மாளு காதுல விழாத மாதிரி கேமராவுக்குப் பின்னாடி போயி, "லைட்டப் பாருங்க"ன்னு சொல்லிப் பட்டனத் தட்டிட்டாரு. படத்துல அந்த வயசான அம்மா கண்ணுல தண்ணி வர்ற மாதிரி வாயத் திறந்து சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல அந்தப் படத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க.